வேலைக்கு ஸ்பானிஷ் வேண்டும்... கூலி மட்டும் ஆங்கிலத்துக்கு!

டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது பிரவுன்ஸ்வில். ரியோ கிராண்டே ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் மெக்சிகோ. 1975-ல் இந்த ஊர் மரக்கடை ஒன்றில் எக்டர் கார்சியா என்ற 24 வயது இளைஞர் விற்பனையாளராக இருந்தார். அமெரிக்காவில் பிறந்தவர், மெக்சிகோ வம்சாவளி. அந்த வட்டாரத்தில் நான்கில் மூன்று பேர் ஹிஸ்பானிக் மக்கள். கடைக்கு வரும் பலர் ஸ்பானிஷில் பேசித்தான் பலகையும் ஆணியும் வாங்குவார்கள். கார்சியாவுக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதால்தான் அவரை வேலைக்கே எடுத்தார்கள்.

ஆனால் கடையில் ஒரு விதி இருந்தது. ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளரிடம் மட்டும்தான் அந்த மொழி. வேலை நேரத்தில் ஊழியர்கள் தங்களுக்குள் அதைப் பேசக் கூடாது. மொத்தம் 39 ஊழியர்கள். அதில் 31 பேர் ஹிஸ்பானிக். ஒருநாள் வாடிக்கையாளர் கேட்ட சரக்கு இருக்கிறதா என்று சக ஊழியர் விசாரிக்க, "இல்லை" என்று கார்சியா ஸ்பானிஷில் சொல்லிவிட்டார். அது முதலாளி காதில் விழுந்தது. வேலை போயிற்று.

வழக்கு ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 1980-ல் தீர்ப்பு கடைக்காரருக்குச் சாதகமாக வந்தது. இரண்டு மொழி தெரிந்தவருக்கு எதில் பேசுவது என்பது அவரவர் விருப்பம். விதி தெரிந்தே மீறியிருக்கிறார். இதில் இனப் பாகுபாடு எதுவும் இல்லை என்றது நீதிமன்றம். ஸ்பானிஷ் தெரியும் என்பதற்காகக் கிடைத்த வேலை, ஸ்பானிஷ் பேசியதற்காகப் போனது. சட்டப்படி எல்லாம் சரி.

இன்றைக்கு அமெரிக்க வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் புரட்டினால் அந்த மரக்கடையின் கணக்கு நாடு முழுக்கப் பரவியிருப்பது தெரியும். வங்கி கவுன்டர், பல் மருத்துவமனை வரவேற்பு மேசை, காப்பீட்டு கால் சென்டர், பள்ளி அலுவலகம், 911 அவசர அழைப்பு அறை, கட்டுமானத் தள மேற்பார்வை, உணவக சமையலறை நிர்வாகம்... 'ஆங்கிலமும் ஸ்பானிஷும் தெரிந்திருக்க வேண்டும்' என்ற வரி எல்லாவற்றிலும் எட்டிப் பார்க்கிறது. இணையத்தில் வந்த வேலை விளம்பரங்களை 'நியூ அமெரிக்கன் எகானமி' என்ற ஆய்வமைப்பு எண்ணிப் பார்த்தது. இருமொழி கேட்டவை 2010-ல் சுமார் 2.4 லட்சம். 2015-ல் 6.3 லட்சம். பேங்க் ஆஃப் அமெரிக்காவின் விளம்பரங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்த ரகம்.

காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம். 2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் 6.2 கோடி. வீட்டில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் நான்கு கோடிக்கும் மேல். கடன் வாங்குவதும் காய்ச்சலுக்கு மருந்து கேட்பதும் அவர்கள்தான் எனும்போது, மேசைக்கு மறுபக்கம் இருப்பவருக்கு அந்த மொழி தெரியாமல் வியாபாரம் நடக்காது. டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் குடியிருக்கும் நம் ஊர்க்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். வார இறுதியில் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போகும் அதே பெற்றோர்தான், உயர்நிலைப் பள்ளியில் மொழிப் பாடம் தேர்ந்தெடுக்கும்போது 'ஸ்பானிஷ் எடு, நாளைக்கு உதவும்' என்கிறார்கள்.

ஸ்பானிஷ் தேவையா என்ற கேள்விக்கு வாடிக்கையாளர்கள் எப்போதோ விடை சொல்லிவிட்டார்கள். அதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் யாரும் வாய்விட்டுப் பேசாத சங்கதி.

மயாமி: ஓர் ஆண்டில் எல்லாம்

இந்த விவகாரத்தை முழு வடிவில் பார்க்க வேண்டுமென்றால் மயாமிக்குத்தான் போக வேண்டும். 1959-ல் கியூபாவில் பிடல் காஸ்ட்ரோ ஆட்சியைப் பிடித்ததும், 90 மைல் கடலைத் தாண்டி அகதிகள் புளோரிடாவுக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர்கள் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், கரும்பாலை முதலாளிகள். 'நாலு மாசத்தில் திரும்பிவிடுவோம்' என்றுதான் வந்தார்கள். காஸ்ட்ரோ போகவில்லை, இவர்களும் திரும்பவில்லை. 1963-ல் கோரல் வே தொடக்கப் பள்ளியில் பாதி நாள் ஆங்கிலம், பாதி நாள் ஸ்பானிஷ் என்று பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். இரு தரப்புக் குழந்தைகளும் சேர்ந்து படித்த அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. 1973-ல் மயாமியை உள்ளடக்கிய டேட் கவுன்ட்டி தன்னை இருமொழி, இருபண்பாட்டுப் பகுதியாக அறிவித்துக்கொண்டது.

அடுத்து வந்தது 1980. அந்த ஓர் ஆண்டில் நடந்தவற்றை அடுக்கினாலே மூச்சு வாங்கும். ஆர்தர் மெக்டஃபி என்ற கறுப்பினக் காப்பீட்டு முகவர் முந்தைய டிசம்பரில் போலீஸ் அடியில் உயிரிழந்திருந்தார். வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி மே 17-ம் தேதி போலீஸ்காரர்களை விடுவித்தது. லிபர்ட்டி சிட்டி பற்றி எரிந்தது. 18 பேர் செத்தார்கள். அதே நாட்களில் மறுபக்கம் கியூபாவின் மாரியெல் துறைமுகத்திலிருந்து படகு படகாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அக்டோபருக்குள் வந்தவர்கள் சுமார் 1.25 லட்சம் பேர். 'மயாமியிலிருந்து கிளம்பும் கடைசி அமெரிக்கரே, தயவுசெய்து கொடியை எடுத்து வந்துவிடுங்கள்' என்று கார்களின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டித் திரிந்தார்கள் வெள்ளையர்கள்.

நவம்பரில் வாக்கெடுப்பு. கவுன்ட்டியின் பணத்தை ஆங்கிலம் அல்லாத எந்த மொழிக்கும் செலவிடக் கூடாது என்ற சட்டத்துக்கு ஏறத்தாழ 60 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய எம்மி ஷாஃபரும் ஐரோப்பாவிலிருந்து குடியேறி வந்தவர்தான். கவுன்ட்டி அலுவலகத்தில் தன்னிடம் ஆங்கிலத்தில் பேச ஆளில்லை என்ற கோபத்தில் தொடங்கியதாம் எல்லாம். சட்டம் எவ்வளவு கறாராக இருந்ததென்றால், அவசர உதவிக்கும் மருத்துவத்துக்கும் விலக்கு கொடுக்க 1984-ல் அதைத் திருத்த வேண்டியதாயிற்று. 1993-ல் கவுன்ட்டி ஆட்சிக் குழுவில் ஹிஸ்பானிக், கறுப்பின உறுப்பினர்கள் பெரும்பான்மை ஆனதும் சட்டம் அடியோடு ரத்தானது.

இதில் கவனிக்க வேண்டிய வேடிக்கை ஒன்று உண்டு. அந்த 13 ஆண்டுகளும் அரசு அலுவலகத்தில் ஸ்பானிஷுக்குத் தடை. வெளியே தனியார் நிறுவனங்களில் ஸ்பானிஷ் இல்லாமல் வேலையே இல்லை என்ற நிலை வளர்ந்துகொண்டே போனது. பொகோட்டாவுக்கும் கராகஸுக்கும் விமானம் கிளம்பும் ஊர். லத்தீன் அமெரிக்கப் பணக்காரர்கள் அடுக்குமாடி வாங்க வரும் ஊர். வங்கிகளும் சரக்கு நிறுவனங்களும் தென் அமெரிக்க வணிகத்துக்கு இங்கேதான் அலுவலகம் போட்டன. ஓட்டுப் போட்டு வங்கி மேலாளரின் மனதை மாற்ற முடியவில்லை. 1990-களில் மயாமி வணிக சபையோடு சேர்ந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விசாரித்தபோது, நிறுவனங்கள் சொன்ன குறை என்ன தெரியுமா? இரு மொழியிலும் தேர்ந்த ஆட்கள் போதவில்லை என்பதுதான்.

பிறந்த ஊரில் அந்நியர்

இந்தக் கதையை வெள்ளையருக்கும் கியூபர்களுக்கும் இடையே நடந்த சண்டையாகத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். அது பாதிக் கதை. கணிசமான வெள்ளையர்கள் வீட்டை விற்றுவிட்டு வடக்கே பிராவர்ட் கவுன்ட்டிக்குப் போய்விட்டார்கள். அப்படி விற்றுவிட்டுப் போக வீடும் வசதியும் இல்லாதவர்கள் கறுப்பினத்தவர்.

மயாமி நகரம் 1896-ல் உருவானபோது, நகரமாக்க ஓட்டளித்தவர்களில் கணிசமானோர் கறுப்பினத் தொழிலாளர்கள். ரயில் பாதை போட்டதும், ஓட்டல்களைக் கட்டியதும், கட்டிய ஓட்டல்களில் படுக்கை விரித்ததும் அவர்கள்தான். 1960-களில் அவர்களுடைய ஓவர்டவுன் பகுதியின் நடுவே நெடுஞ்சாலையை விட்டார்கள், குடியிருப்பு சிதறியது. இனப் பிரிவினைச் சட்டங்கள் ஒழிந்து, இனி ஓட்டல் வரவேற்பு மேசையில் நாமும் உட்காரலாம் என்ற காலம் வந்த அதே வேளையில், அந்த மேசைக்கு ஸ்பானிஷ் கேட்க ஆரம்பித்தார்கள். நாலு தலைமுறையாக அந்த ஊரில் இருப்பவருக்கு நேற்று வந்தவரின் மொழி தெரியவில்லை என்பது தகுதிக் குறைவாகிவிட்டது.

1990-ல் நெல்சன் மண்டேலா மயாமிக்கு வந்தபோது, காஸ்ட்ரோவை அவர் பாராட்டியிருந்த காரணத்தால் கியூப-அமெரிக்கத் தலைவர்கள் அவரை வரவேற்க மறுத்தார்கள். கறுப்பின அமைப்புகள் மயாமி சுற்றுலாவையே புறக்கணிக்கும் போராட்டத்தில் இறங்கின. மூன்று ஆண்டு நீடித்த அந்தப் போராட்டம் 1993-ல் முடிந்தபோது கைக்கு வந்தவற்றில் ஒன்று, ஓட்டல் நிர்வாகம் படிக்கக் கறுப்பின மாணவர்களுக்கு உதவித்தொகை. மண்டேலாவின் பெயரில் தொடங்கிய சண்டை ஓட்டல் வேலையில் வந்து நின்றது. அடிமனதில் இருந்த கோபம் எது என்பது அதிலேயே தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்களுக்கும் இங்கே இரண்டு மொழி தெரியும்: ஆங்கிலமும் கிரியோலும். வாக்குச்சீட்டு மூன்று மொழியில் அச்சாகும் ஊர் இது. மூன்றாவது மொழி கிரியோல். ஆனால் விளம்பரத்தில் 'இருமொழி' என்று போட்டால் அது கிரியோலைக் குறிப்பதில்லை.

'டாக்கோ சர்க்யூட்'

சரி, ஸ்பானிஷ் தெரிந்தவர்களாவது கொழித்தார்களா? அமெரிக்கப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ.யின் கதையைக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும்.

பெர்னார்டோ பெரெஸ் எஃப்.பி.ஐ.யில் உயர்பொறுப்பில் இருந்தவர். 1980-களில் அவர் தன் நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டார். 300-க்கும் மேற்பட்ட ஹிஸ்பானிக் அதிகாரிகள் சேர்ந்துகொண்டார்கள். போதைப்பொருள் கும்பல்களின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் வேலை வந்தால், ஸ்பானிஷ் தெரியும் என்று இவர்களைத் தூக்கிக்கொண்டுபோய் ஹெட்போனோடு உட்கார வைத்துவிடுவார்கள். மாதக்கணக்கில் ஊர் ஊராக அதே வேலை. அந்த நேரத்தில் சக அதிகாரிகள் வழக்குகளை நடத்திப் பெயர் வாங்கிப் பதவி உயர்வுக்குப் போய்விடுவார்கள். இந்தச் சுற்றுக்கு அதிகாரிகளே வைத்திருந்த பெயர்தான் 'டாக்கோ சர்க்யூட்'. டாக்கோ என்பது மெக்சிகோ பலகாரம், கிண்டல் புரிந்திருக்கும். 1988-ல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிபதி லூசியஸ் பன்டன், எஃப்.பி.ஐ. பாகுபாடு காட்டியது உண்மை என்று தீர்ப்பளித்தார்.

இந்த வெற்றி எல்லாருக்கும் வாய்க்கவில்லை. அரிசோனாவின் டூசான் நகரப் போலீஸில் இருந்த ஹிஸ்பானிக் காவலர்கள், 'எங்கள் வேலையும் பார்த்து, மற்றவர்களுக்கு மொழிபெயர்ப்பும் செய்கிறோம். அதற்குத் தனிச் சம்பளம் இல்லை' என்று நீதிமன்றம் போனார்கள். 1992-ல் தோற்றார்கள். வேலைப்பளு கூடுவது பாகுபாடு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள்.

பொருளாதார ஆய்வுகளும் இதையேதான் காட்டுகின்றன. ரிச்சர்ட் ஃப்ரை, லிண்ட்சே லோவெல் இருவரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு போன்றவற்றைச் சமன்செய்து பார்த்தால் இருமொழிக்காரருக்குக் குறிப்பிடும்படி கூடுதல் சம்பளம் இல்லை என்று கண்டார்கள். 2005-ல் ஆல்பர்ட் சாயிஸ், எலேனா சோய்டோ செய்த ஆய்வு, இரண்டாவது மொழி பேசும் பட்டதாரிக்கு 2 முதல் 3 சதவீதம் அதிகம் கிடைப்பதாகச் சொன்னது. மொழிவாரியாகப் பிரித்தால் ஜெர்மன் மேலே, ஸ்பானிஷ் கீழே. விளம்பரத்தில் அதிகம் கேட்கப்படுவது ஸ்பானிஷ். சம்பளத்தில் குறைவாக மதிக்கப்படுவதும் அதுவே.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. ஜெர்மன் தெரிந்தவர் அதைக் காசு கட்டிப் படித்தவர். ஸ்பானிஷ் தெரிந்தவர் அம்மாவிடம் கற்றவர். வீட்டுக் கிணற்றில் இறைத்த தண்ணீர்தானே, அதற்கென்ன விலை என்று முதலாளி நினைக்கிறார். பேசுபவரும் பல நேரம் அப்படியே நினைத்துக்கொள்கிறார்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கலிபோர்னியா 1973-லேயே சட்டம் போட்டது: ஓர் அரசு அலுவலகத்துக்கு வரும் மக்களில் 5 சதவீதம் பேர் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழிக்காரர் என்றால், மக்களைச் சந்திக்கும் இடங்களில் அந்த மொழி தெரிந்த ஊழியர் இருக்க வேண்டும். வேலை நேரத்தில் சராசரியாக 10 சதவீதமாவது அந்த மொழி பயன்பட்டால், தேர்வு வைத்துத் தனிப்படி தருவார்கள். பல ஆண்டுகள் அந்தப் படி மாதம் 100 டாலராக இருந்தது. கலிபோர்னியா விலைவாசிக்கு அது குடும்பத்தோடு ஒருமுறை ஓட்டலில் சாப்பிடும் காசு. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. எவ்வளவு தேவை என்று அளக்கிறது, தெரியுமா என்று சோதிக்கிறது, ஏதோ கொஞ்சமாவது கொடுக்கிறது. தனியார் விளம்பரங்கள் பெரும்பாலானவற்றில் இந்த மூன்றும் கிடையாது. நேர்முகத் தேர்வின் நடுவில் மேலாளர் சட்டென்று ஸ்பானிஷுக்குத் தாவுவார். பதில் வந்தால் தேர்வு முடிந்தது.

அப்படி எடுப்பதால் வரும் கேடு கொஞ்சமல்ல. பாட்டியோடு சமையலறையில் பேசிய ஸ்பானிஷை வைத்து வீட்டுக் கடன் ஒப்பந்தத்தின் வட்டி விதிகளை விளக்க முடியாது. மருத்துவமனையில் அது உயிர் விஷயம். அதனால்தான் ஒபாமா கால மருத்துவச் சட்டத்தின் 2016 விதிகள், தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வைக்கச் சொல்லின. நோயாளியின் குழந்தையையே பேச வைப்பதைக் கட்டுப்படுத்தின. அதற்கு முன் எத்தனையோ பத்து வயதுப் பிள்ளைகள் அம்மாவின் நோயை டாக்டரிடம் மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், பெயர் மட்டும் ஸ்பானிஷாக இருந்து மொழி தெரியாத தலைமுறை வந்துவிட்டது. 2023-ல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட ஆய்வில், லத்தீனோ பெரியவர்களில் 24 சதவீதம் பேர் தங்களால் ஸ்பானிஷில் அதிகம் உரையாட முடியாது என்றார்கள். அந்த 24 சதவீதத்தினரில் பாதிக்கும் மேல், மொழி தெரியாததற்காகச் சக லத்தீனோக்களிடமே அவமானப்பட்டவர்கள். இவர்களில் பலருடைய தாத்தா, பாட்டி பள்ளியில் ஸ்பானிஷ் பேசி அடி வாங்கிய தலைமுறை. பிள்ளைகளாவது அடி வாங்காமல் இருக்கட்டும் என்று வீட்டிலேயே ஆங்கிலத்துக்கு மாறினார்கள். இன்று அந்தப் பேரப் பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கிறார். பெயரைப் பார்த்ததும் ஸ்பானிஷ் தெரியும் என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

1964 சிவில் உரிமைகள் சட்டம், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு பார்த்து ஒதுக்கக் கூடாது என்கிறது. பட்டியலில் மொழி இல்லை. வேலைக்கு உண்மையிலேயே தேவை என்றால் ஸ்பானிஷைக் கட்டாயமாக்கலாம். தேவை இல்லாமல் கட்டாயமாக்கினால்?

அதற்கு ஒரு பிடிமானம் இருந்தது. 1971-ல் டியூக் பவர் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: நிபந்தனை எல்லாருக்கும் பொதுவாகத் தோன்றலாம், ஆனால் அது ஒரு இனத்தாரை அதிகமாக வெளியே தள்ளினால், வேலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று முதலாளி நிரூபிக்க வேண்டும். அங்கே பிரச்சினை, கூலி வேலையைத் தவிர மற்ற வேலைகளுக்கெல்லாம் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கேட்டது. மயாமியில் சரக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்கு ஸ்பானிஷ் கேட்டால், ஒரு கறுப்பினத் தொழிலாளி இதே வாதத்தை வைக்கலாம். வழக்கறிஞருக்கும் புள்ளிவிவர நிபுணருக்கும் கொடுக்க அவரிடம் காசு இருக்க வேண்டும் என்பது வேறு கதை.

அந்தப் பிடிமானமும் இப்போது தளர்ந்துவிட்டது. இந்த வகை வழக்குகளுக்கு முன்னுரிமை வேண்டாம் என்று 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் மத்திய அரசுத் துறைகளுக்கு உத்தரவிட்டார். அதற்கு முந்தைய மாதம்தான், மார்ச் 1-ம் தேதி, ஆங்கிலத்தை நாட்டின் அதிகாரபூர்வ மொழியாக அறிவித்து, ஆங்கிலம் போதாதவர்களுக்கு அரசுச் சேவை கிடைக்க கிளின்டன் 2000-ல் போட்டிருந்த ஆணையை ரத்து செய்திருந்தார். ஸ்பானிஷ் கட்டாயத்தால் வேலை இழப்பவருக்கு இந்த அறிவிப்பால் ஏதாவது நன்மை உண்டா என்றால், இல்லை. அந்த ஆணை தனியார் முதலாளியைத் தொடவே இல்லை. அவருக்கு எதிராக இருந்த ஒரே ஆயுதத்தை அடுத்த ஆணை மழுங்கடித்தது.

ஸ்பானிஷ் பேசுபவருக்கோ வேறு விதமான அடி. லாஸ் ஏஞ்சலீஸில் குடியேற்ற அதிகாரிகள் கார் கழுவும் இடங்களிலும் கூலிக்கு ஆள் எடுக்கும் முக்குகளிலும் நடத்திய சோதனைகளுக்குக் கீழ் நீதிமன்றம் தடை போட்டது. தோற்றம், ஸ்பானிஷ் பேச்சு அல்லது ஆங்கில உச்சரிப்பு, நிற்கும் இடம், செய்யும் வேலை ஆகியவற்றை மட்டும் வைத்து யாரையும் நிறுத்தக் கூடாது என்றது. 2025 செப்டம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது.

அப்படி நிறுத்தி விசாரிக்கும் எல்லைக் காவல் படைக்கு ஆள் எடுக்கும் முறையையும் தெரிந்துகொள்ளலாம். நியூ மெக்சிகோ மாநிலத்தின் அர்டீசியாவில் அதன் பயிற்சிக் கழகம் இருக்கிறது. எல்லைக் காவலர் ஒவ்வொருவருக்கும் ஸ்பானிஷ் தெரிந்தாக வேண்டும். ஆனால் தெரியாமல் வருபவரை அங்கே யாரும் திருப்பி அனுப்புவதில்லை. வகுப்பு வைத்து, கற்கும் காலத்துக்குச் சம்பளமும் கொடுத்து, அரசே சொல்லிக்கொடுக்கிறது.